மாத்திரை இரண்டு, மருந்து ஒன்று

எழில்மதி பார்மஸி படிக்கப்போகிறேன் என்றதும் சுரக்குடியில் முதலில் மனம் குளிர்ந்துபோனவர் அவள் அப்பா சுப்ராயன்தான். எங்கள் ஊரில் மருந்து என்றால் பயிருக்கு அடிப்பது. மனுஷன் சாப்பிடுவது மாத்திரை. "புகையான் பூச்சிக்கு எத அடிக்கணும்னு இனிமே கடைக்காரன்கிட்ட கேக்க வேணாம்" என்று டீக்கடையில் சொல்லிவிட்டு வந்தார். மறுநாளே பக்கத்து வயல்காரர் மஞ்சளாய்ப் பழுத்த நெற்பயிரைப் பிடுங்கிக்கொண்டு வாசலில் நின்றார். எழில்மதி தலையில் அடித்துக்கொண்டாள்.

விஷயம் புரிந்த பிறகுதான் வம்பே ஆரம்பித்தது. டி.பார்ம் இரண்டு வருஷம். திருநள்ளாற்றில் மெடிக்கல் ஷாப் வைக்கலாம். பி.பார்ம் நாலு வருஷம். மாத்திரை கம்பெனிக்குப் போகலாம், மருந்து ஆய்வாளர் பரீட்சை எழுதலாம். பார்ம்.டி என்றால் ஆறு வருஷம். ஆஸ்பத்திரி வார்டில் யாருக்கு என்ன மருந்து போகிறது, அது ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்கிற வேலை. அதைப் படித்தால் பேருக்கு முன்னால் டாக்டர் போடலாமாம். இது காதில் விழுந்ததும் அம்மா அல்லி ஆறு வருஷத்தின் பக்கம் சாய்ந்துவிட்டாள். கல்யாணப் பத்திரிகையே அவள் கண்முன் வந்துவிட்டது. அப்பா டி.பார்மை விட்டு இம்மியும் நகரவில்லை. "ஆறு வருசம் படிச்சா எப்ப வேலை, எப்ப கல்யாணம்?" எழில்மதிக்கும் வார்டு வேலைமேல்தான் ஆசை. அப்பாவுக்கு அதை எப்படிப் புரியவைப்பது என்றுதான் தெரியவில்லை.

அந்த வாரம் அத்தை வடிவாம்பாள், சுப்ராயனின் அக்கா, களை பறிக்கும்போது மறுபடியும் தலைசுற்றி வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். எழில்மதி அத்தையின் மாத்திரைப் பையைக் கொட்டிப் பார்த்தாள். காரைக்காலில் எழுதிக்கொடுத்த பிரஷர் மாத்திரை ஒன்று. மகள் வீட்டுக்கு நாகப்பட்டினம் போனபோது, பழைய சீட்டைக் காட்டாமல் எழுதி வாங்கியது ஒன்று. கம்பெனி வைத்த பேர்தான் வேறு. அட்டையில் பொடி எழுத்தில் இருந்த மருந்து ஒன்றேதான். அத்தையைக் கையோடு காரைக்காலுக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் பார்த்துவிட்டு, பிரஷர் அளவுக்கு மேல் இறங்கித்தான் தலைசுற்றுகிறது என்று ஒன்றை நிறுத்தச் சொன்னார்.

சாயங்காலம் அப்பாவிடம் வந்தாள். "போன தாளடிப் பட்டத்துல ஒரே மருந்த ரெண்டு பேருல வாங்கிக் கலந்து அடிச்சீங்களேப்பா, பயிர் கருகிப்போச்சே. அத்தை உடம்புலயும் அதான் நடந்திருக்கு. இதக் கண்டுபிடிக்கிற வேலைக்குத்தான்பா ஆறு வருசம்."

சுப்ராயன் கொடியில் கிடந்த சட்டையை எடுத்தார்.

"வேலைக்கு டிமிக்கி குடுக்குறியேன்னு நேத்துதான் அக்காவ ஏசினேன்" என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குக் கிளம்பினார்.

படியிறங்கும்போது, "ஆறு வருசமே படி" என்றார், மகள் முகத்தைப் பார்க்காமல்.