முதல் டிரம்பெட்டின் தாள்

என் கையெழுத்து அழகாக இருக்கும். பள்ளியிலும், பிறகு வேலை பார்த்த இடங்களிலும் அதைப் பாராட்டாதவர்கள் குறைவு. அந்தக் கையெழுத்தால் பதினோரு வயதில் நான் செய்த ஒரு காரியத்தை, எழுபதை நெருங்கும் இப்போது எழுதிவைக்கிறேன். எழுதினால் பாரம் குறையும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. யாரிடம் சொல்லியிருக்க வேண்டுமோ அவர்கள் யாரும் இன்று இல்லை. சுமந்து அலுத்துவிட்டது, அவ்வளவுதான்.

அறுபதுகளின் கடைசி. ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பாவும் என் தாய்மாமாவும் ஒரே ஷெட்டில் வேலை பார்த்தார்கள். அதற்கு முன்னால் இருவரும் ராணுவத்தில் பேண்டு வாசித்தவர்கள். அப்பா டிரம்பெட், மாமா அதைவிடப் பெரிய, கனத்த குரலுள்ள யூபோனியம். கூட நின்று வாசித்தவருக்குத் தன் அக்காவைக் கட்டிக்கொடுத்து, அவரை அத்தானாக்கிக்கொண்டார் மாமா. ஆவடிக்கு வந்த பிறகு இன்னும் மூன்று பேரைச் சேர்த்து ஐந்து பேர் பேண்டு ஒன்று அமைத்தார்கள். இரண்டு டிரம்பெட், ஒரு டிராம்போன், ஒரு யூபோனியம், ஒரு டிரம். கல்யாணமோ கோயில் விழாவோ சர்ச் திருநாளோ, லீவு நாளில் வந்தால் வாசிப்பார்கள்.

ரேடியோவில் முப்பது நாற்பது பேர் சேர்ந்து வாசிக்கும் பாட்டை நாலு பித்தளைக்கும் ஒரு டிரம்முக்குமாகச் சுருக்கி எழுதுவது மாமாவின் வேலை. அதை அவர் தையற்காரர் போலச் செய்தார். டிராம்போன்காரருக்கு இளைப்பு உண்டு. ஆகவே அவர் தாளில் நீளமான சுரமே வராது. டிரம்காரர் கடைசி வரிக்கு வந்ததும் வீட்டு ஞாபகம் வந்தவர் போல ஓட ஆரம்பிப்பார். அந்த இடத்தில் யூபோனியம் அவரை இழுத்து நிறுத்துகிற மாதிரி ஏதாவது எழுதி வைத்திருப்பார். மாமா பென்சிலில் கிறுக்கியதை மையில் நல்ல பிரதி எடுப்பது என் வேலை. அம்மா ஃபுல்ஸ்கேப் தாளில் ஸ்கேல் வைத்து ஐந்தைந்தாகக் கோடு போட்டுத் தருவாள். மேலே யாருடைய தாள் என்று தலைப்பு எழுதி, கீழே சுரங்களை நிரப்புவேன். அதனால் பாட்டு எப்படிப் பங்கு பிரிக்கப்படுகிறது என்பது எனக்குத் தெரியும். தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு முந்தைய வருடம் அப்பா பூந்தமல்லி ரோட்டில் சைக்கிளில் போகும்போது ஓர் எருமை குறுக்கே வந்து, விழுந்து, முன்பற்கள் மூன்றை இழந்திருந்தார். ஒரு தட்டில் பொய்ப்பல் வைத்துக் கட்டிக்கொண்டார். அதை வைத்து முறுக்குகூடக் கடித்தார். ஆகையால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் முடிவு செய்தேன். டிரம்பெட்டை உதட்டில் அழுத்தி மேல் சுரத்துக்குப் போனால் அந்தத் தட்டு நகர்ந்துவிடும் என்பதை அப்பா யாரிடமும் சொல்லவில்லை. மாமாவிடம்கூடச் சொன்னாரா என்பது சந்தேகம்தான். மாமா காதால் கண்டுபிடித்திருப்பார்.

நான் கவனித்தது இதைத்தான்: அந்த விபத்துக்குப் பிறகு அப்பாவின் தாள் வெள்ளையாகிக்கொண்டே போனது. நீளநீளமான கீழ்ச் சுரங்கள், நடுவில் காலியிடங்கள். மெட்டு முழுவதும் இரண்டாவது டிரம்பெட்டுக்குப் போய், அந்தத் தாள் எறும்பு மொய்த்த மாதிரி கறுத்திருக்கும். இரண்டாவது டிரம்பெட் வாசித்தவர் வெள்ளானூரிலிருந்து புதிதாக வேலைக்குச் சேர்ந்த இளைஞர். அண்ணன் என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். ஆனாலும் அப்பாவின் தாளுக்கு மேலே 'டிரம்பெட் 1' என்றே எழுதச் சொல்வார் மாமா. வரிசையில் வலது ஓரத்தில், முதல் ஆளாக நிற்பதும் அப்பாதான்.

அம்பத்தூரில் ஒரு கல்யாணத்தில் வாசித்துவிட்டு வந்த வாரம் வகுப்பில் ஒருவன் என்னைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னாடா ஒங்கப்பா, பூம் பூம் மாட்டுக்காரன் கணக்கா ஒண்ணையே ஊதிகினு கீறாரு? பாட்டெல்லாம் அந்த வெள்ளானூரு ஆளுதான் ஊதறான்."

"அவுரு பாட்டு ஊதலடா மச்சான். ஷிப்டுக்குச் சங்கு ஊதறாரு!" என்றான் இன்னொருவன்.

அன்று முழுக்க எனக்குக் காது எரிந்தது. மாமாவுக்கு அப்பாமேல் பொறாமை என்று கண்டுபிடித்தேன். முதல் ஆள் என்ற பேரை மட்டும் விட்டுவைத்து, மெட்டைப் பிடுங்கி வேறொருவனுக்குக் கொடுக்கிறார். அப்பா வாயில்லாத மனிதர், கேட்கமாட்டார்.

ஆயுத பூஜை வந்தது. வருடத்தில் அந்த ஒரு நாள்தான் குடும்பத்தோடு ஷெட்டுக்குள் போகலாம். பூஜை முடிந்ததும் பேண்டு மூன்று பாட்டு வாசிப்பது வழக்கம். அந்த முறை மூன்றாவதாக, ஊரே முணுமுணுத்துக்கொண்டிருந்த ஒரு சினிமாப் பாட்டை மாமா எழுதியிருந்தார். ஒரு மாதம் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஏரிக்கரையில் ஒத்திகை நடந்து, பென்சில் தாள்கள் எல்லாம் வியர்வையும் எண்ணெயுமாக நைந்துபோயிருந்தன. அதிகாரிகள் முன்னால் அழுக்குத் தாள் கூடாது என்று மாமா புதுப் பிரதி எழுதச் சொன்னார்.

நான் செய்தது மிகச் சின்ன வேலை. சுரம் ஒன்றையும் மாற்றவில்லை. கறுத்த தாளுக்கு மேலே 'டிரம்பெட் 1' என்றும், வெள்ளைத் தாளுக்கு மேலே 'டிரம்பெட் 2' என்றும் எழுதினேன். நியாயத்தை நிலைநாட்டுகிற பெருமிதத்தோடு, இரண்டு தலைப்புக்கும் அடியில் சிவப்பு மையில் கோடும் போட்டேன்.

ஷெட்டில் கடைசல் இயந்திரங்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, மேலே வண்ணத்தாள் தோரணம் விட்டிருந்தார்கள். உடைத்த பூசணிக்காயைத் தாண்டிக்கொண்டு எல்லாரும் பொரியும் கடலையும் வாங்கப் போனார்கள். முதல் இரண்டு பாட்டும் பழையவை, தாள் தேவையில்லை. அவை முடிந்ததும் நான் ஓடிப்போய் ஐந்து ஸ்டாண்டிலும் புதுத் தாள்களை வைத்துவிட்டு, முன்வரிசைப் பாயில் உட்கார்ந்தேன்.

வெள்ளானூர் அண்ணன் தன் தாளைப் பார்த்தார், எட்டி அப்பாவின் தாளைப் பார்த்தார்.

"அண்ணாத்தே, சீட்டு மாறிகீது போல. குடுங்க, மாத்திக்கலாம்."

அப்பா தாளைப் பார்த்தார். மேலே எழுதியிருந்ததைப் பார்த்தார். பிறகு கூட்டத்தில் எதையோ தேடினார். என்னைக் கண்டதும் தேடுவதை நிறுத்தினார். நான் கையை ஆட்டினேன்.

"இருக்கட்டும்பா" என்றார்.

தாளை மாற்றிக்கொள்ள, இரண்டு டிரம்பெட்டுக்கும் நடுவே ஒரு கை நீளம் தூரம்கூட இல்லை.

முதல் நான்கு வரி அவர் வாசித்ததை நான் இன்னும் மறக்கவில்லை. அவ்வளவு நிதானமான, உருண்ட ஓசை. மெட்டு வலது பக்கத்திலிருந்து வருவதைக் கேட்டு மாமா யூபோனியத்தை வாயிலிருந்து எடுக்காமலே தலையைத் திருப்பினார். அவர் கண்களைப் பார்த்து, மாமா நன்றாக மாட்டிக்கொண்டார் என்று நான் சந்தோஷப்பட்டேன். பிறகு பாட்டு மேலே ஏறுகிற இடம் வந்தது. சுரம் இரண்டாகப் பிளந்தது. அப்பா நிறுத்தி, உதட்டுக்குள் எதையோ நாக்கால் சரி செய்துகொண்டு மறுபடி ஊதினார். காற்று மட்டும் வந்தது. டிராம்போன் நின்றது. எதற்கும் நிற்காத டிரம் மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருந்தது.

"இன்னா நைனா, பஞ்சரா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"பம்ப்பு எடுத்தாங்கப்பா!" என்றது இன்னொன்று. ஷெட் முழுக்கச் சிரித்தது. இரும்புக் கூரை, சிரிப்பு இரண்டு மடங்காகக் கேட்டது.

வெள்ளானூர் அண்ணன் தாளைப் பார்க்காமல் மெட்டைப் பிடித்துக்கொண்டு எப்படியோ பாட்டை முடித்தார். அதுவரை அப்பா டிரம்பெட்டை மார்போடு பிடித்துக்கொண்டு வரிசையில் முதல் ஆளாக நின்றார். முடிந்ததும் தாள்களையெல்லாம் அவரே திரட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் மாமா அந்த இரண்டு தாள்களைக் கேட்டார். கூட்டத்தில் எங்கேயோ விழுந்துவிட்டதாக அப்பா சொன்னார். மாமா என் பக்கம் திரும்பினார்.

"நீதானேடா ஸ்டாண்டுல வச்சே? அவங்கவங்க தாளை அவங்கவங்களுக்குத்தானே வச்சே?"

"சரியாத்தான் வச்சேன் மாமா."

இதைச் சொல்லும்போது என் குரல் நடுங்கவில்லை. அப்பா என்னைப் பார்க்கவும் இல்லை.

"அவன் சரியாத்தான் வச்சான். நான்தான் எடுத்து மாத்தி வச்சுக்கிட்டேன்" என்றார்.

"எதுக்கு அத்தான்?"

"ஆசையா இருந்துது."

மாமாவின் குரலில் கோபத்தைவிடக் களைப்புதான் இருந்தது. "ஒரு வருஷமா ஒங்க வாய்க்கு அளவெடுத்து எழுதறேன். பக்கத்துல நிக்கறவனுக்குக்கூடத் தெரியாம எழுதறேன். அது ஒங்களுக்குக் கேவலமாப் பட்டுதா?"

அம்மா, "இந்த வயசுல என்ன ஆசை வேண்டிக்கெடக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டே பொரியைத் தட்டில் கொட்டினாள். நான் கடலையைப் பொறுக்கித் தின்றேன். அப்பா எதற்காக அப்படிச் சொன்னார் என்று யோசித்தேன். வாசிக்க முடியாமல் போன அவமானத்தை மறைக்க ஏதோ உளறுகிறார் என்று தோன்றியது. எனக்கு அது வசதியாகவும் இருந்தது.

அதன்பின் அப்பா பேண்டுக்குப் போகவில்லை. வெள்ளானூர் அண்ணன் வலது ஓரத்துக்கு வந்தார். வெள்ளானூர்ப் பையனிடமிருந்து பாட்டைப் பறிக்கப்போய் மூக்குடைந்தவர் என்று குவார்ட்டர்ஸில் அப்பாவுக்குப் பேர் நின்றது. டிராம்போன்காரர் எங்கள் வாசலில் நின்றே அதை ஒருமுறை சொல்லிச் சிரித்தார். மாமாவும் அப்பாவும் சண்டை போடவில்லை. ரேஷன், மழை, ஓவர்டைம் எல்லாம் பேசினார்கள். பாட்டைப் பற்றி மட்டும் பேசவில்லை. அப்பா இன்னும் இருபத்து மூன்று வருடம் இருந்தார், மாமா அதற்கு மேலும் சில வருடம். உண்மையைச் சொல்வதற்கு அது தாராளமான காலம். ஒவ்வொரு வருடமும் சொல்லாமலிருக்க ஒரு காரணம் கிடைத்தது. பரீட்சை, வேலை, கல்யாணம், அப்பாவின் உடம்பு.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பூஜை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, பையன்கள் ஆரம்பிப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். கையைக் குவித்து வாயில் வைத்து, கன்னத்தை உப்பி, அந்தச் சுரம் பிளந்ததையும் அதற்குப் பின் காற்று வந்ததையும் அப்படியே செய்துகாட்டினேன். நன்றாகச் செய்தேன். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பெஞ்சில் இடம்விட்டு என்னை நடுவில் உட்காரவைத்தார்கள்.

அன்று சாயங்காலம் ஷிப்டு முடிந்து வந்த அப்பா, சட்டைகூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டார். அடி விழப்போகிறது என்று நினைத்துக்கொண்டே போனேன். தலையணை உறைக்குள்ளிருந்து நான்காய் மடித்த இரண்டு ஃபுல்ஸ்கேப் தாள்களை எடுத்தார். என் எழுத்துதான். இரண்டிலும் மேலே ஒரு விரல் அகலத்துக்குத் தாளே இல்லை. ஸ்கேல் வைத்து பிளேடால் வெட்டியது போல நேராக இருந்தது. நான் எழுதிய தலைப்பும் சிவப்புக் கோடும் அதோடு போயிருந்தன. அம்மா எதற்கோ வெட்டி எடுத்திருக்கிறாள், என் அதிர்ஷ்டம், என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா கறுத்த தாளை விரித்து, பாட்டு மேலே ஏறுவதற்கு முந்தைய இடத்தில் நகத்தை வைத்தார்.

"இங்க மாமா ஒரு கமா போட்டிருந்தாரு. மூச்சு எடுக்கற எடம். நீ விட்டுட்டே பாரு."

"மறந்துட்டேன்பா."

"பரவாயில்ல. இனிமே பாத்து எழுது." தாளைப் பழையபடி மடித்தார். "போ, போய் வெளையாடு."

என் பிரதியில் அவர் கண்ணுக்குப் பட்ட பிழை அது ஒன்றுதான் என்று நம்பி, மைதானத்துக்கு ஓடினேன்.