உச்சிக்கு ஒரு தடவைதான் கூப்பிட்டார்கள்

அமெரிக்காவில், ஃப்ரீமாண்ட்டில் நாங்கள் குடியிருந்த அபார்ட்மெண்ட்டின் ஜன்னலிலிருந்து புல் போர்த்திய ஒரு பெரிய குன்று தெரியும். கல்யாணமாகி வந்த முதல் வருடம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டாவது வருடம் ஏறத் தொடங்கினேன். வேறு என்ன செய்ய? எம்.எஸ்ஸி. படித்தவள்தான், ஆனால் என்னுடைய விசாவில் வேலைக்குப் போகக் கூடாது. டிரைவிங் லைசென்ஸும் இல்லை. வீட்டுக்காரர் காலை எட்டு மணிக்குக் காரை எடுத்துக்கொண்டு போனால் சாயங்காலம் ஏழுக்குத்தான் வருவார். ஒரே சமையல் மேடையை எத்தனை தடவைதான் துடைப்பது? சுடிதாரும் கான்வாஸ் ஷூவுமாக வாரத்துக்கு மூன்று நாள் அந்தக் குன்றில் ஏறி இறங்கினேன். முதலில் பாதி வழியிலேயே நாக்குத் தள்ளியது. ஆறு மாதம் கழித்து, நாயோடு ஓட வரும் வெள்ளைக்காரர்களே ஒதுங்கி எனக்கு வழிவிட்டார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். அந்த ஊரில் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

தொண்ணூற்றெட்டு ஜூலையில் ஒருநாள் இவர் வந்து, ஆபீஸில் சில பேர் மலையேறப் போகிறார்கள், மனைவியையும் கூட்டி வரலாமாம் என்றார். சியரா மலைத்தொடரில் பதினாலாயிரம் அடிச் சிகரம். முதல் நாள் வழியில் இருக்கும் ஒரு கல் வீட்டில் தங்க வேண்டும். மறுநாள் விடியும்போது கிளம்பி உச்சியைத் தொட்டுவிட்டு மதியத்துக்குள் திரும்ப வேண்டும். இவருடைய குழுவின் மூத்த இன்ஜினியர், இருபது வருடமாக மலையேறுகிற ஓர் அமெரிக்கர், அவர்தான் எல்லா ஏற்பாடும்.

"உன்னால முடியுமா கண்ணு? ரொம்ப டிஃபிகல்ட்னு சொல்றாங்க."

"என்னக் கேக்கறீங்களா? நல்லா இருக்குதுங்க."

இவர் என்னோடு குன்றுக்கு வந்தது இரண்டே தடவை. இரண்டு தடவையும் ஷூ கடிக்கிறது என்று பாதியில் உட்கார்ந்துவிட்டார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். புது ஷூ வாங்கினார், முதுகுப்பை வாங்கினார், ஊன்றுகோல்கூட இரண்டு வாங்கினார். நடந்து பழகுங்கள் என்றால் மட்டும், "நான் வெள்ளியங்கிரியே ஏறுனவன்" என்பார். ஏறியது பதினோராம் வகுப்பில்.

கல் வீட்டுக்குப் போய்ச் சேர ஏழு மணி நேரம் ஆனது. முதலில் பைன் மரங்கள், பிறகு வெறும் பாறை, அப்புறம் நடுக்கோடையிலும் கரையாமல் கிடந்த பனித் திட்டுகள். மூத்த இன்ஜினியருக்குப் பின்னால் இரண்டாவது ஆளாக நான் போனேன். இவர் கடைசியில் வந்தார். அந்த வீடு ஒரே அறை, தகரக் கூரை, இரண்டடுக்காகப் பலகைக் கட்டில்கள், நடுவில் ஓர் இரும்பு அடுப்பு. வாசலில் நின்று தலையைத் தூக்கினால் சிகரம். சாயங்கால வெயிலில் அது செம்மண் நிறத்தில் நின்றது. எனக்கு அதன்மேல் அப்படியொரு ஆசை வந்தது. நகைமேலோ புடவைமேலோ எனக்கு அப்படி வந்ததே கிடையாது. நாளைக்கு இந்நேரம் அதன் தலையில் என் கால் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டு வெகுநேரம் குளிரிலேயே நின்றேன்.

இவர் ராத்திரி எதுவும் சாப்பிடவில்லை. விடியற்காலையில் எழுந்து இரண்டு தடவை வாந்தி எடுத்தார். தலை வெடிக்கிறது என்றார். மூத்த இன்ஜினியரின் மனைவி ஒரு நர்ஸ். முழங்கால் வலியால் அவர் உச்சிக்கு வராமல் அங்கேயே தங்குவதாக முன்பே முடிவாகியிருந்தது. அவர் இவருடைய நாடியைப் பார்த்தார், நாலு கேள்வி கேட்டார். உயரம் ஒத்துக்கொள்ளவில்லை, லேசாகத்தான் இருக்கிறது, தண்ணீர் குடித்துப் படுத்திருந்தால் போதும், நான்தான் கூட இருக்கிறேனே என்றார்.

மூத்த இன்ஜினியர் பையை மாட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். "நீங்கள் வருகிறீர்கள்தானே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

இவரும் போர்வைக்குள்ளிருந்து, "போய்ட்டு வா கண்ணு, எனக்கு ஒண்ணுமில்ல" என்றார்.

நான் இவரிடம், "வேண்டாங்க, நீங்க இப்படிப் படுத்திருக்கறப்ப நான் எப்படிப் போறது?" என்றேன். அந்த மனிதரிடம் ஆங்கிலத்தில், "பரவாயில்லை, நீங்கள் போய் வாருங்கள்" என்றேன்.

"சரி" என்று சிரித்துவிட்டு அவர் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் முதல் தடவை கேட்டதும் யாரும் சரி என்று சொல்லிவிட மாட்டார்கள். சாப்பிடுங்கள் என்றால், "இப்பத்தானுங்க சாப்ட்டு வந்தோம்" என்போம். கேட்டவர் விடாமல் இலையைப் போடுவார். "அட, எதுக்குங்க சிரமம்" என்று சொல்லிக்கொண்டே உட்காருவோம். ஒரு தடவை கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டால், அந்த வீட்டைப் பற்றி ஊரே பேசும். நான் சொன்ன வேண்டாமும் அந்த மாதிரி வேண்டாம்தான். காலில் ஷூ இருந்தது. லேஸ்கூடக் கட்டியிருந்தேன். அந்த அமெரிக்கருக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது? இவருக்குத் தெரியும். இவர் கோபிக்காரர், என் ஊரிலிருந்து இருபது கிலோமீட்டர். போதும் போதும் என்று நான் கையை வைத்து மறைத்தாலும் நாலாவது தோசையைப் போட்டுவிடுகிற அம்மா வளர்த்த பிள்ளை. இவர் பக்கம் திரும்பிப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டார். பாவம், தலைவலி என்று நினைத்தேன்.

வெளியே கற்களில் நடக்கும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. ஓடிப்போய், இதோ நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஒரு நிமிடம் அதற்கு நேரமிருந்தது. இப்போதுதானே வேண்டாம் என்றாள், இதென்ன பொம்பளை என்று நினைப்பார்களே என்று உட்கார்ந்துவிட்டேன்.

ஒன்பது மணிக்கு இவர் எழுந்து பசிக்கிறது என்றார். வெயிலில் உட்கார்ந்து ரொட்டியும் ஊறுகாயும் சாப்பிட்டார். நான் வாசல் கல்லில் உட்கார்ந்து மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். முகட்டில் ஐந்து எறும்புகள் மாதிரி நகர்ந்து மறைந்தார்கள். மதியம் முகமெல்லாம் சிவந்து இறங்கி வந்தார்கள். உச்சியில் நின்றால் ஒரு பக்கம் பனி, மறுபக்கம் பாலைவனம் தெரிகிறது என்று சொன்னார்கள். அப்படியா என்று கேட்டுக்கொண்டேன். இறங்கும் வழியெல்லாம் இவருடைய பையையும் சேர்த்து நான்தான் சுமந்தேன்.

இரண்டாயிரத்து ஒன்றில் இவருக்கு அந்த வேலை போனது. டெக்ஸஸில் கிடைத்த வேலைக்காக ஆலன் என்ற ஊருக்குக் குடிவந்தோம். கைக்குழந்தை வேறு. அங்கே நூறு மைல் ஓட்டிப் போனாலும் ஃப்ரீவே மேம்பாலத்தைத் தவிர ஏறுவதற்கு ஒரு மேடு கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலைந்து பேரைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். இவர் அந்த மலைக் கதையை எடுத்தார். "நான் போகச் சொன்னேன். இவதான் எனக்காக சம்மிட் போகாம நின்னுட்டா" என்றார். வந்திருந்த பெண்கள், இப்படி ஒரு மனைவி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

எல்லோரும் போனபின் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டேன். "அன்னைக்கு நான் வேண்டாம்னப்ப, ஏனுங்க நீங்க இன்னொரு தடவை சொல்லல?"

இவர் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

"சொல்லியிருந்தா நீ போயிருப்பே."

நான் குழாயை மூடினேன்.

"நீ மட்டும் மேல போயிட்டு வந்திருந்தா, மண்டே ஆபீஸ்ல நான் எப்படி மூஞ்சியக் காட்டறதுன்னு இருந்துச்சு. அப்ப அப்படித் தோணுச்சு. தப்புதான்."

மூன்று வருடமாக, பாவம், முடியாமல் கிடந்தார் என்று சொல்லிச் சொல்லித்தான் மனதைத் தேற்றி வைத்திருந்தேன். இவர்மேல் கோபம் வந்தது. அதைவிட என்மேல் வந்தது. ஆசைப்பட்டவள் நான். வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு என்ன கேடு வந்தது?

"அடுத்த ஜூலைல போறியா?" என்றார். "அந்த ஆளுக்கு நான் போன் பண்றேன். பாப்பாவ நான் பாத்துக்கறேன்."

"ஒண்ணும் வேண்டாம்."

"நெசமாத்தான் சொல்றேன் கண்ணு. டிக்கெட் புக் பண்ணட்டுமா?"

"அதான் வேண்டாங்கறேன்ல."

மறுநாள் காலை, கார்ச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். "யோசிச்சியா?" என்றார். முகத்தைப் பார்த்தேன். மனதாரத்தான் கேட்டார். நான் குழந்தைக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். ஆசை தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் இவர் கேட்டவுடனே சரி என்று சொல்லிவிடுவதா என்ற வீம்பும் கூடவே வந்தது.

"அதெல்லாம் ஒண்ணும் வேண்டாங்க" என்றேன்.

சரி என்று கிளம்பிப் போனார். அதற்கப்புறம் இவர் கேட்கவில்லை. நானும் வாய் திறந்து சொல்லவில்லை.