வொல்லமி கன்றுக்கு இரண்டு கோட்

ஜஹீருன்னிசா வரும் கல்யாணம் என்றால் ஆம்பூரில் மாப்பிள்ளை வீட்டாருக்குக் கொஞ்சம் உதறல்தான். ஷெர்வானியும் தலைப்பாகையும் ஒரே நிறமில்லை என்று முதலில் சொல்கிறவள் அவள். ஷூ கம்பெனியில் தோலுக்கு நிறம் கலக்கும் அறை அவளுடையது. அங்கிருந்து போன தோல் எதுவும் நிறம் சரியில்லை என்று திரும்பி வந்ததில்லை. யாரும் கேட்காமலே இதையும் சொல்லிவிடுவாள்.

அதனால்தான், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து ஷூ வாங்கும் பீட்டர், முறையான அனுமதியோடு ஒரு வொல்லமி மரக்கன்றைப் பரிசாகக் கொண்டுவந்தபோது, முதலாளி உமர் ஃபாரூக் அதை அவளிடம் ஒப்படைத்தார். ஊசியிலை மரங்களின் இனம். உலகத்திலேயே அந்த ஒரு நாட்டில், ஆள் போகாத சில பள்ளத்தாக்குகளில்தான் தானாக வளருமாம்.

"காஞ்சிச்சின்னா நீ பேக்கிங்குக்குப் போய்டணும்," என்றார் முதலாளி.

சித்திரை வந்தது. தண்ணீரை ஜாஸ்தியாக ஊற்றிப் பார்த்தாள், கம்மியாக ஊற்றிப் பார்த்தாள், கழித்துப்போட்ட தோல்களைத் தைத்து நிழல் கட்டினாள். இலைகள் காய்ந்து அருமையான டேன் பழுப்புக்கு வந்தன. செருப்புக்கென்றால் அவளே பாஸ் போட்டிருப்பாள். அந்த வாரமே பீட்டர் வருவதாகச் செய்தி வந்தது.

தோலுக்கு ஸ்ப்ரே அடிக்கும் கோபியைக் கூப்பிட்டாள். அவன் கன்றையும் பார்த்தான், அவள் கலக்கி வைத்திருந்த பச்சையையும் பார்த்தான்.

"இன்னாக்கா, இதுக்குமா?"

"ரெண்டு கோட் அடி. அது மேல கிளியர் அடி. தேய்ச்சா சாயம் வரக்கூடாது."

பீட்டருக்கு ஒரு பழக்கம். எந்தத் தோலைப் பார்த்தாலும் வெள்ளைக் கைக்குட்டையால் தேய்த்துப் பார்ப்பார். வந்ததும் கன்றின் இலையைத் தடவினார். நின்று யோசித்தார். கைக்குட்டையை எடுத்துத் தேய்த்தார். ஜஹீருன்னிசா மனசுக்குள் பேக்கிங் மேசையில் உட்கார்ந்து அட்டைப்பெட்டி மடிக்கத் தொடங்கிவிட்டாள்.

கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. பீட்டர் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் இங்கிலீஷில் சொன்னதை முதலாளி நம்பமுடியாத முகத்தோடு தமிழில் சொன்னார்: மேலே இருப்பது செத்துவிட்டது, ஆனால் அடுத்த ஆர்டர் இந்தப் பச்சையில்தான் வேண்டும்.

பிறகு பீட்டர் மண்டியிட்டுத் தண்டின் அடியைக் காட்டினார். மண்ணை ஒட்டி ஒரு துளிர். இந்த மரம் மேலே காய்ந்தாலும் அடியிலிருந்து கிளம்புமாம்.

"சரி, நீ உன் ரூமிலயே இரு," என்றார் முதலாளி.

ஜஹீருன்னிசா நிம்மதியாகக் குனிந்து துளிரைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க முகம் சுளித்தாள்.

"ஷேடு ஒத்துவரலியே பாய்," என்றாள்.