லீத் ஹில் பனியில் விழுந்த கதை

சனிக்கிழமை காலை எட்டரைக்கு லண்டன் விளிம்பிலுள்ள சட்டனில் டோர்க்கிங் ரயில் ஏறினேன். அரைமணி நேரப் பயணம். இரவு முழுவதும் பனி கொட்டியிருந்தது. இலை விழுந்தாலே ரயிலை நிறுத்திவிடுகிற நாடு இது. அன்று ஏனோ ஓடியது. பெட்டியில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை.

நாற்பத்தெட்டு வயதில் பனியில் மலைச் சைக்கிள் ஓடவேண்டும் என்று எனக்கு நேர்த்திக்கடன் ஒன்றும் இருக்கவில்லை. சனிக்கிழமைகளை எங்கேயாவது கொண்டுபோய்த் தொலைக்கவேண்டியிருந்தது, அவ்வளவுதான். எட்டு மாதத்துக்கு முன் நானும் மனைவியும் பிரிந்தோம். அவள் கனடாவுக்குத் தமக்கையிடம் போய்விட்டாள். நான் ஹரோ வீட்டை விட்டுச் சட்டனில் ஓர் அறைக்கு வந்தேன். தமக்கையைப் பார்க்கத்தான் போயிருக்கிறாள் என்று ஆட்களுக்குச் சொல்லி வைத்திருந்தேன். அவ எப்ப வாறா என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் கோயில், கலியாணம், பிறந்தநாள் என்று நம்மவர் கூடும் இடம் எதற்கும் போவதில்லை. மலைக்கு நம்மவர் யார் வரப்போகிறார்கள்?

டோர்க்கிங்கில் சைக்கிளுக்கு நாள் வாடகை நாற்பது பவுண். கடைக்காரப் பெண் இரண்டு டயரிலும் பாதிக் காற்றைத் திறந்துவிட்டாள். பனியில் டயர் நெளிந்தால்தான் பிடிக்குமாம். கல்லுப்போல இறுக்கி அடித்து, விரலால் சுண்டிப் பார்த்துத் திருப்திப்படும் யாழ்ப்பாணத்தில் சைக்கிள் பழகியவன் நான். அவள் உள்ளே போனதும் வாசலில் கிடந்த பம்பை எடுத்து மறுபடி அடித்தேன்.

கோல்ட்ஹாபர் கிராமம் வரை ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர், எல்லாம் ஏற்றம். ஓடியதைவிட உருட்டியதே அதிகம். ஊரைத் தாண்டியதும் காடு. பைன் மரங்கள் சுமை தாங்காமல் அவ்வப்போது பனியைக் கீழே கொட்டின. அதைத் தவிர ஒரு சத்தமும் இல்லை. எனக்கு முன் ஒரு மனிதரும் நாயும் போன தடம் கொஞ்சத் தூரம் துணைக்கு வந்தது. பிறகு அவர்களும் திரும்பிவிட்டிருந்தார்கள். என்ன வடிவாய் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்துப் பக்கத்தில் பார்த்தேன். அந்த நேரம் நெஞ்சுக்குள் வந்த வெறுமையை எட்டு மாதத்தில் ஒருநாளும் நான் உணரவில்லை.

பதினொன்றரைக்கு உச்சி. இருநூற்றுத் தொண்ணூற்று நான்கு மீட்டர் உயரம், மேலே பழைய கற்கோபுரம். அதனடியில் நீல ஜாக்கெட்டும் சைக்கிளுமாக ஒருவர் நின்றார். முகத்தைப் பார்த்ததும் நம்மவர் என்று தெரிந்தது. அவருக்கும் தெரிந்தது. லண்டன் வழக்கப்படி இருவரும் உடனே தூரத்துக் காட்சியை ரசிக்கத் தொடங்கினோம். மூடுபனியில் காட்சி என்று ஒன்றுமே இருக்கவில்லை.

நான் முந்திக்கொண்டு இறங்கினேன். முதல் இருநூறு மீட்டர் பறந்தேன், சிரித்தேன்கூட. ஒரு வளைவில் முன்சில்லு தன்பாட்டில் வேறு பக்கம் போயிற்று. ஐயோ அம்மா என்று காடு முழுக்கக் கேட்கக் கத்திக்கொண்டு விழுந்தேன்.

"அண்ணை, எழும்ப ஏலுமோ?"

நீல ஜாக்கெட்காரர் தூக்கி உட்காரவைத்தார். டயரை அமத்திப் பார்த்துச் சிரித்தார். தானும் முதல்முறை இப்படித்தான் இறுக்கி அடித்து விழுந்தவராம். காற்றைத் திறந்துவிட்டபடியே விசாரணையைத் தொடங்கினார். யாழ்ப்பாணத்தில் நான் கோப்பாய், அவர் உரும்பிராய். மூன்றாவது கேள்வியில் ஹரோவில் இருக்கும் என் ஒன்றுவிட்ட அண்ணனைப் பிடித்துவிட்டார். அவரும் அண்ணனும் ஒரே இடத்தில் வேலையாம். பிறகு என் மணிக்கட்டைப் பார்த்தார்.

"கை வீங்குது. வீட்டில அக்காவுக்கு எடுத்துச் சொல்லட்டோ?" என் மனைவியைத்தான் சொன்னார், போனைக்கூடக் கையில் எடுத்துவிட்டார்.

வழக்கமான பொய் வாய்வரை வந்தது. ஏனோ அன்று அதைச் சொல்லக் களைப்பாக இருந்தது.

"அவ இல்லை. நாங்கள் பிரிஞ்சு எட்டு மாசம்."

தமிழில் அதை வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல் தடவை. அவர் போனைப் பொக்கற்றுக்குள் வைத்தார்.

"சரி அண்ணை. ரெண்டு சைக்கிளையும் நான் உருட்டுறன், நீங்கள் மெல்ல வாங்கோ."

கோல்ட்ஹாபரில் அவருடைய கார் நின்றது. டோர்க்கிங் வரை கொண்டுவந்து விட்டார். வழியெல்லாம் டயரையும் கவுன்சில்காரனின் பார்க்கிங் தண்டத்தையும் பற்றித்தான் பேச்சு.

மூன்று மணி ரயிலில் திரும்பினேன். நம்முடைய ஆட்களிடம் ஒரு கதை அகப்பட்டால் நான் சட்டன் சேருமுன் அது ஹரோ சேர்ந்துவிடும். அதுதான் இத்தனை நாளும் என் பயம். ஆனால் அன்று போனை மடியில் வைத்துக்கொண்டு, அண்ணனிடமிருந்து போன் வந்தால் எதிலிருந்து தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஏன்டா மறைச்சனி என்று திட்டட்டும், பரவாயில்லை. எனக்கு யாராவது போன் எடுத்துக் கேட்கவேண்டும் போலிருந்தது.

இன்றைக்கு மூன்று வாரம். சட்டனில் பனி மறுநாளே சேறாகிவிட்டது, கை வீக்கமும் வற்றிவிட்டது. போன் வரவில்லை. அந்த உரும்பிராய்க்காரர் மிக நல்ல மனிதர், ஒருவரிடமும் சொல்லவில்லை.