சோளக்காட்டு மேடும் அண்ணன் ஜீப்பும்

என் அண்ணன் சின்னராசு மனிதர் பேச்சைவிட இஞ்சின் சத்தத்தைத்தான் கவனமாகக் கேட்பார். மலைமேல் குண்டூர் நாட்டில் எங்கள் ஊருக்கு அவருடைய பழைய பெட்ரோல் ஜீப் ஒன்றுதான் வண்டி. மிளகு மூட்டை, மரவள்ளிக் கிழங்கு, காய்ச்சல்காரர்கள் எல்லாம் அதில்தான் போக வேண்டும். பேட்டரிக்குப் பாதி உயிர்தான். அதனால் எப்போதும் இறக்கத்தைப் பார்த்தே நிறுத்துவார். சக்கரத்துக் கல்லை எடுத்தால் உருண்டு கிளம்பிவிடும்.

இரண்டாயிரத்து மூன்று ஆடியில் அண்ணி ருக்குமணிக்கு எட்டு மாதம். குழந்தை குறுக்கே கிடக்கிறது, வலி கண்டதும் நாமக்கல்லுக்கு வந்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். மலையிறங்கும் எழுபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு நாங்கள் பயப்படவில்லை. இறக்கத்தில் இஞ்சின் நின்றாலும் வண்டி உருளும். அதற்கு முன்னால் சோளக்காட்டுக்கு ஏறும் மேடுதான் பயம். அந்த மாதத்தில் மட்டும் மூன்று முறை அங்கே பெட்ரோல் போகும் கார்புரேட்டர் அடைத்து வண்டி நின்றது; ஒவ்வொரு முறையும் அண்ணன் வாயால் ஊதித்தான் அடைப்பை எடுத்தார். அண்ணன் சோற்றைப் பிசைந்துவிட்டு உண்ணாமல் எழத் தொடங்கினார்.

செம்மேட்டுச் சந்தையன்று நாமக்கல் மெக்கானிக் செல்வம் ஜீப்பைத் தட்டிப் பார்த்தான்.

"இந்தக் கார்புரேட்டரைக் கழட்டி வீசுங்ணா. கம்ப்யூட்டர் இஞ்செக்சன் மாட்டித் தாரேன். பம்பே பெட்ரோலை அளந்து ஊத்தும். ஊதி ஊதி உங்க ஒதடே கறுத்துப் போச்சு."

உள்ளூர் மெக்கானிக் தனபால் சிரித்தார். "தாராளமா மாட்டுங்க. மேட்டுல நின்னா அந்தக் கம்ப்யூட்டர் பொட்டிக்குச் சூடம் காட்டுங்க. எனக்கு அதைத் தொறக்கவே தெரியாது."

அண்ணன் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஜீப்பின் பின்னால் மூட்டைகளுக்கு நடுவே இருந்த எனக்கு ஒரு கேள்வி தோன்றியது. ஆண்கள் முன்னால் கேட்க வாய் எழவில்லை. வீடு திரும்பும் வழியில்தான் கேட்டேன்.

"அண்ணா, அந்தப் பம்பு எதுல ஓடுமாம்?"

"பேட்டரியில."

"நம்ம பேட்டரிக்கு ஹாரன் அடிக்கவே தெம்பில்லையே."

"புதுசு போட்டுக்கலாம் கண்ணு."

"அதுவும் செத்துப்போனா?"

வளைவில் வண்டியை ஒடித்துத் திருப்பினார். "உருட்டுனாலும் கிளம்பாது," என்றார். "அப்ப வேண்டாங்கறியா?"

"வேண்டாம்ணா."

தனபால் கார்புரேட்டரைக் கழுவி மறுபடி பூட்டினார். அன்றிலிருந்து ஜீப் இருமினாலே நான் சக்கரத்துக் கல்லைத் தேடுவேன். வேண்டாம் என்று சொன்னவள் நான் அல்லவா?

ஒரு மதியம், மழையில், அண்ணிக்கு வலி கண்டது. சோளக்காட்டு மேட்டில் பாதி ஏறியதும் இஞ்சின் நின்றுவிட்டது. நான் குதித்துப் பின்சக்கரத்துக்குக் கல் வைத்தேன். அண்ணன் கார்புரேட்டரைத் திறந்து, பெட்ரோல் சொட்டும் ஊசித்துளைத் திருகைக் கழற்றி வாயில் வைத்து ஊதினார்.

"ஏனுங்க, இன்னும் எத்தனை நேரமுங்க?" வண்டிக்குள்ளிருந்து அண்ணி என் கையை நெரித்தாள்.

"ஆச்சு சாமி, ஆச்சு."

மூன்று வலி வந்து போனது. நான்காவது தொடங்கும்போது அண்ணன் பானெட்டை அறைந்து மூடிவிட்டு ஸ்டீயரிங் முன் ஏறி உட்கார்ந்தார்.

"கல்லை எடு!"

ஜீப் பின்னால் உருண்டது. பள்ளம் இருக்கும் பக்கம் நான் பார்க்கவில்லை. ரிவர்ஸ் கியரில் ஒருமுறை குலுங்கி இஞ்சின் பிடித்துக்கொண்டது. ஓடிப்போய் ஏறினேன்.

நாமக்கல்லில் ஆபரேசன் செய்து பெண் குழந்தையை எடுத்தார்கள். அண்ணியும் பிழைத்தாள். பெட்ரோல் நாற்றத்தோடு குழந்தையைத் தொடக்கூடாது என்று நர்ஸ் அண்ணனைக் குழாயடிக்கு விரட்டினாள். நானும் கூடப் போனேன்.

"இஞ்செக்சன் மாட்டியிருந்தா அங்க நின்னே இருக்காதோ என்னமோ," என்றார் கையைத் தேய்த்தபடி.

நான் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டேன். அவர் மறுபடி சோப்புப் போட்டார்.