சபுராவின் ஜமக்காளம்

எங்கள் சபுரா அக்காவுக்குப் புருஷன் இருந்தான், ஆனால் இல்லை. இதை எப்படிச் சொன்னாலும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. நிக்காஹ் முடிந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, யாகூப் ரங்கூனுக்குக் கப்பல் ஏறினான். போனவர்கள் வந்தவர்கள் மூலம் கொஞ்ச நாள் சேதி வந்தது. பிறகு அதுவும் நின்றது. பத்து வருஷமாக அவன் செத்தானா, அங்கே இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறானா என்று சொல்ல ஓர் ஆள் கிடையாது.

அக்கா என் பெரியம்மா மகள். காஞ்சிபுரத்தில் எங்கள் பேட்டையை ஒட்டி நெசவாளர் தெரு. அங்கிருந்து பட்டு நூல் வீட்டுக்கு வரும். அக்கா ராட்டை முன் உட்கார்ந்து, தறியின் ஓடத்துக்குள் வைக்கும் குச்சிகளில் நூலைத் தாராகச் சுற்றிக் கொடுப்பாள். தன் அண்ணன் தாவூத் வீட்டில் இருந்தாலும் அவன் சோற்றைத் தின்கிறோம் என்று கூனிக் குறுகியவள் இல்லை. வாய் கொஞ்சம் நீளம். எனக்கு அதுதான் பிடிக்கும்.

வாலாஜாவில் தோல் மண்டியில் வேலை பார்த்த இஸ்மாயில், மனைவியைப் பறிகொடுத்தவர், அக்காவைக் கேட்டு ஆள் அனுப்பினார். அதற்கு முன் ஒரு தர்கா உருஸ் திருவிழாவுக்கு அவருடைய அம்மா பேத்திகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். சின்னது அக்கா மடியில் படுத்துத் தூங்கிவிட்டது. அது எழுந்திருக்கும்வரை அக்கா கால் மரத்துப்போயும் அசையவில்லை. பெண் கேட்டு வந்தபோது தாவூத் தயங்கித் தயங்கி அக்காவிடம் விஷயத்தைச் சொன்னான். "எனக்கு இஷ்டம்தான்" என்றாள் அக்கா, தலையைக் குனியாமல்.

தாவூத் பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் போய்க் கேட்டான். திரும்பி வந்தவன் முகத்தில் ஈயாடவில்லை.

"ஆள் எங்க இருக்கான்னு தெரியலன்னா, அவனுக்குத் தொண்ணூறு வயசு ஆகற வரிக்கும் உயிரோட இருக்கறதாத்தான் சட்டமாம். அப்புறம்தான் வேற நிக்காஹ்."

"அவருக்குத் தொண்ணூறு ஆகறப்போ எனக்கு எம்பத்தி மூணு ஆவும்" என்றாள் அக்கா. "வாலாஜாக்காரங்கள கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லுப்பா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் ராட்டையை நிறுத்திவிட்டாள்.

ஹஸ்ரத் கெட்டவர் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல். தாவூத் மறுபடி போனபோது அவரே வழி சொன்னார். "இமாம் மாலிக் நாலு வருஷம் காத்திருந்தா போதும்னு சொல்லியிருக்காரு. ஆனா நாம இமாம் ஹனஃபி வழிக்காரங்க. நான் ஒருத்தன் எப்பிடிப்பா அத எடுத்துக்கினு தீர்ப்பு சொல்றது? மார்க்கம் படிச்ச ஆலிம்கள் நாலு பேர் கூடி ஒத்துக்கட்டும், நானே நிக்காஹ் ஓதி வைக்கிறேன்."

இதற்கிடையில் தையல் சொல்லிக்கொடுக்க வீடு வீடாக வரும் கிறிஸ்தவ மிஷன் எஸ்தர் அம்மாவுக்குச் சேதி எட்டியது. அவரும் நல்ல மனசோடுதான் பேசினார்.

"கோர்ட்லயே ஒத்துக்கறாங்க சபுராம்மா. நீ ஞானஸ்நானம் எடுத்துட்டா அந்தக் கல்யாணம் தானா முறிஞ்சிடும்."

"அந்த மனுஷன் என்ன உட்டுட்டுப் போனான்னு நான் அல்லாவ உட்டுட்டுப் போவணுமா? அல்லா என்னம்மா பண்ணான் என்னை?"

எஸ்தர் அம்மா அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. தையலோடு நின்றுகொண்டார்.

வைகாசி கருடசேவைக் கூட்டம் கலைந்த மறுவாரம் எங்கள் பேட்டையில் விவாதக் கூட்டம் வைத்தார்கள். இஸ்லாத்தில் பெண்ணுரிமையும் மேல்நாட்டு நாகரிகமும் என்று தலைப்பு. பட்டணத்திலிருந்து லண்டனில் படித்த பாரிஸ்டர் முனீர் வருகிறார், ஆற்காட்டிலிருந்து ஆலிம்கள் வருகிறார்கள் என்றார்கள். அக்காவின் முகத்தில் அத்தனை வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை. நாலு ஆலிம்கள் கூடுகிறார்கள் அல்லவா. பெண்கள் பக்கத்துக்குத் திரை கட்டப் பெரிய துணி வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். அக்கா தன் கல்யாணச் சீரில் வந்த சிவப்பு ஜமக்காளத்தைத் தானே வெயிலில் உதறிக் கொடுத்தனுப்பினாள்.

அந்த ஜமக்காளத்துக்குப் பின்னால் நாங்கள் உட்கார்ந்தோம். பாரிஸ்டர் நன்றாகத்தான் பேசினார். சீமையில் பெண்கள் ஓட்டுப் போடுகிறார்கள், மோட்டார் ஓட்டுகிறார்கள், நம் பெண்களோ திரைக்குப் பின்னால் என்றார். ஹஸ்ரத் எழுந்தார்.

"வெள்ளைக்காரன் நாட்டுல பொண்டாட்டிக்குன்னு சொந்தமா சொத்து வந்து அம்பது வருஷம்தான் ஆவுது. நம்ம மார்க்கம் ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்னாடியே குடுத்துச்சு. அவ பொருள் அவளுது. புருஷன் கூட தொட முடியாது. இந்த ஹக்க, இந்த உரிமைய எவன் குடுத்தான்?"

கூட்டம் அல்லாஹு அக்பர் என்று தக்பீர் முழங்கியது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

எங்கள் பக்கத்தில் பெண்களின் கேள்வியை வீட்டு ஆண்தான் எழுந்து கேட்கவேண்டும். அது வழக்கம். தாவூத் எழுந்தான். சபையில் தங்கச்சி பெயரைச் சொன்னால் குடும்ப மானம் போய்விடுமாம். "ஒரு ஊர்ல ஒரு பொம்பள இருக்கறான்னு வச்சிக்கோங்க, அவ புருஷன் காணாமப் போயிட்டான்னு வச்சிக்கோங்க" என்று கதை மாதிரி ஆரம்பித்தான். ஆற்காட்டு ஆலிம் ஒருவர் கையை உயர்த்தினார்.

"நடக்காத விஷயத்தக் கற்பனை பண்ணிக் கேக்கறது நல்லதில்ல தம்பி. உக்காருங்க."

தாவூத் உட்கார்ந்துவிட்டான். அவனை அங்கேயே பிடித்து உலுக்கவேண்டும் போலிருந்தது.

"கற்பனை இல்லைங்க. அந்தப் பொம்பள நான்தான்." அக்காவின் குரல் திரையைத் தாண்டிக் கணீரென்று போனது. "எனக்கு நாலு வருஷமா, தொண்ணூறு வருஷமா? இன்னிக்குச் சொல்லுங்க."

ஒரு நிமிஷம், இதோ சொல்லிவிடப் போகிறார்கள் என்றே நினைத்தேன். அப்புறம் ஆற்காட்டு ஆலிம் தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்நிய ஆண்கள் கூடிய சபையில் பெண்ணின் குரல் கேட்கலாமா கூடாதா என்று ஆரம்பித்தார். கூடாது என்றார் ஒருவர். தேவை இருந்தால் கூடும் என்றார் இன்னொருவர். பாரிஸ்டர் எழுந்து, பாருங்கள், இதைத்தான் நான் சொன்னேன் என்று மறுபடி சீமைப் பெருமையை ஆரம்பித்துவிட்டார். அந்தி சாய்ந்து மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை அக்காவின் குரலைப் பற்றிப் பேசினார்கள். குரல் என்ன கேட்டது என்பதை ஒருத்தரும் தொடவில்லை. பெண்களின் கண்ணியம் காக்கும் மார்க்கத்துக்கு நன்றி என்று தீர்மானம் போட்டுக் கலைந்தார்கள்.

மடித்துக்கூட வைக்காமல் ஜமக்காளத்தைச் சுருட்டிக் கொண்டுவந்து வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள்.

இஸ்மாயிலைக் குறை சொல்லமாட்டேன். பொறுத்துப் பார்த்தார். சின்னக் குழந்தைகளை வைத்துக்கொண்டு எத்தனை நாள் பொறுப்பார்? ஆரணியில் பெண் எடுத்தார். சேதி வந்த அன்று அக்கா தார் சுற்றிக்கொண்டே அழுதாள். நூலில் கண்ணீர் பட்டால் கறை படியும் என்று முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கு அந்தச் சபை மொத்தத்தின் மேலும் ஆத்திரம் வந்தது. இன்றைக்கும் அடங்கவில்லை.

மறுவருஷம் அதே கூட்டம், அதே தலைப்பு. தாவூத்தைக் கூட்டிக்கொண்டு ஹஸ்ரத்தே வாசலுக்கு வந்தார். அக்கா கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"பொம்பளைங்க பக்கம் திரை கட்டணும்மா. உன் ஜமக்காளம்தான் அகலம்."

"என் பொருள் என்னுதுன்னு போன வருஷம் சபையில சொன்னீங்களே ஹஸ்ரத்."

"ஆமாம்மா. அது உன் ஹக்கு."

"எனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான். குடுக்கறதா இல்ல."

ஹஸ்ரத் படியிறங்கினார்.

அந்த அகலத்துக்கு வேறு துணி எங்கும் கிடைக்கவில்லை. அதனால் பெண்கள் யாரும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு, பெண்ணுரிமையைப் பேசி முடித்தார்கள்.