வெறுங் கட்டத்தில் நான் எழுதிய குவாசர்கள்

ஓர்ஸ் ஹில்லில் ஒரு கல்லூரியின் பௌதிக ஆய்வுகூடத்தில் உதவியாளனாகச் சேர்ந்த முதல் நாள், விரிவுரையாளர் சுகிர்தா மிஸ், முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுவதுபோல் 'நானா' என்று என்னைக் கூப்பிட்டு ஒரு கேள்விதான் கேட்டார்.

"நானா, உங்கட கையெழுத்து வடிவா இருக்குமா?"

"ஓம் மிஸ். துறைமுக ரேடியோ அறையில ஒன்பது வருசம், படகுகளோட கதைச்சதைப் பதியிற லொக் புத்தகம் எழுதினனான்."

யுத்தத்தில் மீன்பிடிக்குத் தடை வந்து, அந்த அறையில் ஆட்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள், கடைசியில் என்னையும். கிண்ணியாக்காரனான நான் அப்படித்தான் குவாசர்களிடம் வந்து சேர்ந்தேன்.

குவாசர் என்பது வெகு தொலைவிலுள்ள ஒரு விண்மீன் திரளின் பிரகாசமான நடுப்பகுதி. சில, ரேடியோ அலைகளைப் பலமாக விடும், அவை ரேடியோ-லவுட். மற்றவை அடக்கமானவை, ரேடியோ-குவயட். ஒரே அளவு வெளிச்சமுள்ள இரண்டை எடுத்தால், லவுட்டில் எக்ஸ்ரே கூடவா என்று பார்ப்பதுதான் மிஸ்ஸின் வேலை. வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் தபாலில் அட்டவணை அனுப்பியிருந்தார். கணக்கு நன்றாக வந்தால் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்த்துக்கொள்வதாகக் கடிதம். மிஸ்ஸுக்கு வேறு வழியில் அந்த இடம் கிடைக்காது. கணினி இல்லை. மின்சாரம் நினைத்தால் வரும். நான் லவுட், குவயட் என்று பிரித்து எழுதுவேன். மிஸ் மடக்கை அட்டவணையை வைத்துக் கணக்குப் போடுவார்.

இரண்டு மாதத்தில் விடை வந்தது. இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை.

"நானா, லவுட்டிலதான் எக்ஸ்ரே கூட எண்டு எல்லாரும் எழுதியிருக்கினம். உலகமே பிழை!"

உலகம் பிழை என்பது அந்த நாட்களில் நம்பக் கஷ்டமான விஷயமில்லை. நானும் நம்பினேன்.

மறுநாள் மதியம் கொழும்புக்குப் போகும் ஒரு மாஸ்டரிடம் பேராசிரியருக்கான கணக்குப் பொதியைக் கொடுப்பதாக ஏற்பாடு. காலையில் மிஸ் மூல அட்டவணையை ஒருமுறை புரட்டினார்.

"இந்த இருபது வரியில ரேடியோ எண்ணே இல்லையே. எப்பிடிக் குவயட் எண்டு போட்டீங்க?"

"எண் இல்லாட்டி ரேடியோ இல்லைதானே மிஸ்."

"ஆர் சொன்னது? பாத்தும் ஒண்டும் தெரியாட்டித்தான் குவயட். இதுகளை ஒருத்தரும் பாக்கவே இல்லை. இதுக்குள்ள லவுட்டும் இருக்கலாம்."

ரேடியோ அறையில் ஒரு படகை மூன்று தரம் கூப்பிட்டுப் பதில் வராவிட்டால் 'குவயட்' என்று எழுதுவோம். ஆட்கள் குறைந்த பிறகு பாதிப் படகுகளைக் கூப்பிட நேரமில்லை. "கட்டத்தை வெறுமையா விடாதை, குவயட் எண்டு போடு" என்றார் மேலதிகாரி. போட்டுப் பழகிய கை இங்கேயும் போட்டுவிட்டது. அந்தப் படகுகளில் இருந்தவர்களை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

இருபதையும் நீக்கிக் கூட்டினோம். லவுட்டில்தான் எக்ஸ்ரே கூட. உலகம் சரி. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்தவன் நான்.

"மிஸ், பழைய கணக்கையே அனுப்பினா ஆருக்குத் தெரியப்போகுது?" என்றேன். அதைக் கேட்டிருக்கக் கூடாது.

"விசர்க் கதை கதையாதீங்க. பேப்பர் தாங்க."

நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதி, 'என் பிழை' என்று கையெழுத்திட்டு, புதிய கணக்கோடு பொதியில் வைத்தார். பிழை என்னுடையது என்றேன். "பாக்காமக் கணக்குப் போட்டது நான்தானே" என்றார்.

நான்கு மாதம் கழித்துப் பேராசிரியரின் பதில் வந்தது. விடையில் புதுமை இல்லையாம். ஆனால் அந்த வெறுங் கட்டங்களைப் பற்றி இதுவரை எந்த மாணவரும் எழுதியதில்லையாம். வரச் சொல்லியிருந்தார். மிஸ் போனார்.

பிறகு கல்லூரி வரவுப் பதிவேடு என் கைக்கு வந்தது. மூன்று வாரமாக ஒரு மாணவியைக் காணவில்லை. "விலகினவ எண்டு போடுங்கோ" என்றார் கிளாக்கர். நான் பேனையை மூடிவிட்டு, சைக்கிளில் அவளுடைய வீட்டைத் தேடிப் பாலையூற்றுக்குப் போனேன்.

பிள்ளை வீட்டில்தான் இருந்தாள். அடையாள அட்டை தொலைந்துவிட்டது. சோதனைச் சாவடியைத் தாண்ட ஏலாது.

"விலகிட்டன் எண்டு போட்டுட்டீங்களோ?" என்று கேட்டாள்.

"இன்னும் ஒண்டும் போடேல்லை" என்றேன்.